பயந்த பிள்ளைகளின் கிருமி

ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது மகன் ஒரு பாலத்தின் அடியில் நின்றுகொண்டிருந்தான். மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு லாரிக்கும் தூண் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து சொல்வது அவன் வேலை. அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"தம்பி, நான்தான். மேடம் ரூமைக் காலி பண்றாங்க. புஸ்தகம், ஸ்வெட்டர், கண்ணாடிக் கூடு எல்லாத்தையும் ஒரு பெட்டியில போட்டு வச்சிருக்கேன். வந்து எடுத்துக்கோங்க."

பேசியவர் அம்மாவின் டெக்னீஷியன். அம்மா வேலைக்குச் சேர்ந்த சில வருடங்களில் வந்து சேர்ந்தவர், கடைசி வரை கூடவே இருந்தவர். மகனுக்கு அவர் சிறு வயதிலிருந்தே அக்கா.

"சரிக்கா. வேற ஏதாவது இருக்கா?"

அக்கா கொஞ்சம் தயங்கினார். "ஃப்ரீசரையும் வெள்ளிக்கிழமை காலி பண்ணிடுவாங்க. அதுல பதினேழு இருக்கு தம்பி."

மேலே ஒரு லாரி போனது. கையிலிருந்த கருவியின் திரையில் கோடு துள்ளி விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

பதினேழு என்பது ஒரு கிருமி. முகத்துத் தோலின் எண்ணெய்க் குழிகளுக்குள் குடியிருக்கும் வகை. ஃப்ரீசரின் அடித்தட்டில், சுண்டுவிரல் நீளக் குழாய்களில், கல்லாக உறைந்து கிடந்தது. உறைந்திருந்ததே தவிர சாகவில்லை. எடுத்து இளஞ்சூட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி வளரும். அது வந்த இடம் அம்மாவின் நெற்றி. அம்மாவின் உடம்போடு உயிராக இருந்தவற்றில் இன்னும் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான் என்று அவனுக்குப் பட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதைக் காப்பாற்றியாக வேண்டும். அன்று முழுக்க அவனுக்கு வேறு நினைப்பே ஓடவில்லை.

அம்மா தோலைப் படித்தவர். வைத்தியர் அல்ல. இந்த வித்தியாசத்தைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கியே அவர் ஆயுளில் பாதி போனது. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு அத்தை தன் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவாள்.

"இவ மூஞ்சியக் கொஞ்சம் பாரேன். குண்டும் குழியுமா கெடக்கு."

"நான் டாக்டர் இல்ல அத்தை. பரு எப்படி வருதுன்னு பாக்குறவ. எப்படிப் போகும்னு எனக்கே தெரியாது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு படிச்ச?"

இதற்கு அம்மா சிரித்துவைப்பார். சிரித்துக்கொண்டே அத்தையின் நெற்றியைப் பார்ப்பார்.

அது அவருடைய பழக்கம். யாரோடு பேசினாலும் பார்வை கண்ணுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எண்ணெய் எவ்வளவு சுரக்கிறது, குழிகள் எப்படித் திறந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணுக்கு இறங்குவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள், ஏதோ ஒட்டியிருக்கிறதோ என்று. ஆய்வகத்தில் அவருக்கு நெத்தி மேடம் என்று பேர். அது அவருக்கும் தெரியும்.

அப்பா கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பொருத்துகிறவர். ஃப்ரேம் உட்கார வேண்டிய இடம் மூக்கு என்பதால் அவர் பார்வை எப்போதும் மூக்கில் இருக்கும்.

"நீ நெத்தியப் பாக்குற, நான் மூக்கப் பாக்குறேன். நம்ம ரெண்டு பேருக்கும் எப்படித்தான் கல்யாணம் ஆச்சோ!" என்பார்.

"கண்ணைப் பாத்திருந்தா ஆகியிருக்காது" என்பார் அம்மா.

வீட்டில் அம்மா போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். முகத்துக்கு சோப்பு போடக் கூடாது. தோல் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், தேய்த்துத் தேய்த்து அதன் வாயில் மண்ணைப் போடாதீர்கள் என்பது அவர் வாதம். மகன் கேட்டுக்கொண்டான். அப்பா மட்டும் திருட்டுத்தனமாகப் போடுவார். குளித்துவிட்டு வெளியே வந்ததும் அம்மா காற்றை மோந்து பார்த்து, "போட்டீங்கதானே?" என்பார். "சத்தியமா இல்ல" என்று அப்பா மல்லிகை மணக்கச் சொல்வார்.

அம்மாவின் மீதும் ஒரு வாடை உண்டு. அவர் வளர்க்கும் கிருமிகளின் வாடை, பழைய மோரைப் போலப் புளித்திருக்கும். ஆய்வகக் கோட்டைக் கழற்றிவிட்டு வந்தாலும் ஸ்வெட்டரில் ஏறியிருக்கும். மகனுக்கு வெகு காலம் வரை எல்லா அம்மாக்களும் வேலை முடிந்து வரும்போது அப்படித்தான் இருப்பார்கள் என்ற எண்ணம்.

சாப்பிடும்போது வேலையைப் பற்றிப் பேசுவார். "எண்ணெய்ச் சுரப்பியில இருக்கற செல் என்ன பண்ணும் தெரியுமா? எண்ணெயச் சேத்து வச்சுக்கிட்டே போகும். ஊதும். கடைசியில உடையும். உடைஞ்சாத்தான் எண்ணெய் வெளிய வரும்."

"சோறு எறங்க வேணாமா?" என்பார் அப்பா.

அம்மாவின் கேள்வி ஒன்று. பருவுக்குக் காரணம் என்று சொல்லப்படுகிற கிருமி எல்லார் முகத்திலும் இருக்கிறது. பரு வருகிறவர் முகத்திலும் இருக்கிறது, வழவழவென்று இருப்பவர் முகத்திலும் இருக்கிறது. அப்படியானால் தப்பு யார் மேல்? ஒரே குடும்பத்தில் சாதுவும் உண்டு, ரவுடியும் உண்டு. கிருமியிலும் அப்படித்தான் என்று அம்மா நம்பினார். சாதுவைத் தனியாகப் பிரித்தெடுக்க முடிந்தால் ரவுடி இருக்கும் இடத்தில் அதைக் குடிவைக்கலாம்.

அதற்கு முகங்கள் வேண்டும். தோல் ஆஸ்பத்திரியிலிருந்து பரு முற்றிய பிள்ளைகளை அனுப்பினார்கள். பரு இல்லாத பிள்ளைகளை வேறு நாட்களில் பள்ளிகளிலிருந்து அழைத்து வந்தார்கள். ஒரு நீண்ட மேசை, தலையணை, விளக்கு. பிள்ளை மல்லாந்து படுக்க வேண்டும். நெற்றியில் சின்ன எஃகு வளையம் ஒன்றை வைத்து அழுத்துவார்கள். வளையத்துக்குள் கழுவு நீரைச் சொட்டுக் குழாயால் விட்டு, கண்ணாடிக் கோலால் மெதுவாகத் தேய்ப்பார்கள். கலங்கிய நீரை எடுத்துத் தட்டில் ஊற்றி, காற்றில்லாத ஜாடிக்குள் வைத்து வளர்ப்பார்கள். அவ்வளவுதான். வலிக்காது.

வலிக்காது என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பியது? ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்குப் பயமில்லை. ஊசி, மருந்து, டாக்டர் எல்லாம் பார்த்து அலுத்துப் போனவர்கள். படுத்ததுமே, "சீக்கிரம் முடிங்க, டியூஷன் இருக்கு" என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள்தான் எஃகு வளையத்தைப் பார்த்ததும் வெளிறிப் போவார்கள்.

"ஆன்ட்டி, வலிக்குமா?"

அம்மா உடனே ஒரு வளையத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொள்வார். தலையைப் பின்னால் சாய்த்து, நான்கு சொட்டு விட்டு, கோலால் தேய்ப்பார். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். திடீரென்று, "ஆ!" என்று கத்துவார். பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழும்.

"சும்மா" என்பார் அம்மா.

பிள்ளை சிரித்துவிடும். சிரித்த முகத்தோடு படுத்துக்கொள்ளும். வளையம் புதிது, கோல் புதிது. எதிலும் குறை வைக்க மாட்டார். வாசலில் காத்திருக்கும் பெற்றோருக்கு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கும். இப்படி ஒரு விஞ்ஞானியா என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

அந்த வருடங்களில் பதினேழு கிடைத்தது. பதினேழாம் ஜாடியில் முதலில் கண்ணில் பட்டதால் அந்தப் பேர். சாதுவான கிருமி. தோல் செல்லோடு சேர்த்து வளர்த்தால் செல் சிவப்பதில்லை, வீங்குவதில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அது பரு இல்லாத பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் கிடைத்தது. பரு முற்றிய பிள்ளைகளிடம் ஒருவரிடம்கூட இல்லை.

அம்மா கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகையில் வந்தது. வெளிநாடுகளிலிருந்து அழைத்தார்கள். ஒரு நிறுவனம் பதினேழைக் கிரீமாகச் செய்து விற்க முன்வந்தது. ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையும் கிடைத்தது, அதற்கும் பக்கத்து அறையும் கிடைத்தது. அத்தை போன் போட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன், இவ பெரிய ஆளா வருவான்னு" என்றாள்.

அதற்கு நடுவில் மகனுக்குப் பதினைந்து வயதானது. முகம் வெடித்தது.

லேசாக இல்லை. கன்னம், தாடை, நெற்றி என்று சிவந்த கட்டிகள். தலையணை உறையில் காலையில் ரத்தப் பொட்டு இருக்கும். பள்ளியில் விட்டுவைப்பார்களா? "டேய், உங்கம்மா லேப்பே உன் மூஞ்சியிலதானாடா?" என்றான் ஒருவன். அதற்குப் பிறகு வகுப்பு முழுக்க அவனுக்கு லேப் என்றே பேர்.

வீட்டில் அவன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான். "ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் பாக்குற. என் மூஞ்சியப் பாக்க உனக்கு நேரமில்ல."

அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தினமும், அவன் தூங்கிய பிறகும் பார்த்தார். அப்பா ஒரு நாள் மெல்லக் கேட்டார்: "உன் பதினேழை இவனுக்குக் கொஞ்சம் பூசிப் பாரேன்."

"நிரூபிக்காதத என் பிள்ளை மேல பூச மாட்டேன்."

"ஊரான் பிள்ளைக்குப் பூசலாமா?"

"நிரூபிக்காம அவனுக்கும் பூச மாட்டேன்."

தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். கிருமியைக் கொல்லும் மாத்திரை, பிறகு எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கவைக்கும் மாத்திரை. மாதக் கணக்கில் சாப்பிட வேண்டும். மாத்திரை தொடங்கும் முன்பு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை உன் நெத்தியில எடுத்துக்கட்டுமாடா? ஆரம்பிச்சுட்டா எல்லாம் போயிடும்."

"நான் உன் எலி இல்ல" என்றான் அவன்.

அம்மா மறுபடி கேட்கவில்லை. உதடு வெடித்து, தோல் உரிந்து, பரு போனது. கன்னத்தில் குழிகள் நின்றன.

அவன் பொறியியல் படித்து வேலைக்குப் போன காலத்தில் மரபணுவை முழுதாகப் படிக்கும் இயந்திரங்கள் மலிவாயின. அம்மா சேர்த்து வைத்திருந்த எல்லாப் பதினேழுகளையும் படிக்கக் கொடுத்தார். விடை வந்த அன்று வீட்டுக்கு வரும்போதே முகம் ஜொலித்தது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் ஒரே மாதிரி! வேற வேற ஸ்கூல், வேற வேற வருஷம். ஒரு எழுத்துகூட மாறல. எப்பேர்ப்பட்ட கிருமி பாருங்க, அப்படியே நிக்குது."

மகன் வாயில் சோற்றோடு இருந்தான். யோசித்தெல்லாம் சொல்லவில்லை. தொழில் பேச்சாகத்தான் சொன்னான்.

"எல்லாப் பாலத்துலயும் ஒரே மாதிரி அதிர்வு வந்தா நாங்க பாலத்தப் பாக்க மாட்டோம்மா. கருவியத்தான் கழட்டிப் பாப்போம்."

அம்மாவின் கை தட்டில் நின்றது.

"சாப்பிடு" என்றார் அப்பா.

அம்மா சாப்பிடவில்லை. மகனின் நெற்றியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய்த் தன் நெற்றியைக் கண்ணாடியில் பார்த்தார்.

மறுநாள் ஆய்வகத்தில் அக்காவைக் கூப்பிட்டு மேசையில் படுத்துக்கொண்டாராம். "என் நெத்தியில எடு."

"எதுக்கு மேடம்?"

"எடுன்னா எடேன்."

விடை வர நாளானது. வந்தபோது கடைசி எழுத்து வரை அதே பதினேழு.

எப்படி என்று இருவரும் உட்கார்ந்து தேடினார்கள். வளையம் புதிது, கோல் புதிது, தட்டு புதிது. காலையில் கழுவு நீர் பாட்டிலைத் திறந்ததும் வெறும் நீரைத் தட்டில் ஊற்றிச் சோதிப்பார்கள், அதுவும் எப்போதும் சுத்தம். அக்காவுக்குத்தான் ஞாபகம் வந்தது. சொட்டுக் குழாய். அம்மா தன் நெற்றியில் சொட்டும்போது அதன் நுனி தோலைத் தொடும். தொட்டது அப்படியே பாட்டிலுக்குத் திரும்பிப் போகும். அதே பாட்டிலிலிருந்துதான் அடுத்த சொட்டு பிள்ளையின் நெற்றிக்கு. பாட்டில் தினமும் புதிது என்பதால் காலைச் சோதனையில் எதுவும் தெரிந்ததில்லை.

"ஆனா மேடம், நீங்க எல்லாருக்கும் காட்ட மாட்டீங்களே. பயந்த பிள்ளைங்களுக்கு மட்டும்தானே..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பயந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பள்ளிப் பிள்ளைகள் பரு இல்லாதவர்கள். பதினேழு யார் தோலையும் காக்கவில்லை. எந்தப் பிள்ளை பயந்தது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது.

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மேடம், இத யாரு நோண்டிக் கேக்கப் போறா? கிரீமை மெதுவாத் தள்ளிப்போடுவோம். நீங்க வேற ஒண்ணு ஆரம்பிங்க. இது தானா மறந்து போகும்."

"அதுவரைக்கும் நாலு பேர் இத நம்பி வேலை செய்வாங்க சார். சின்னப் பிள்ளைங்க."

"உங்க பேர் கெட்டுப் போகும்."

"என் நெத்தியிலேர்ந்து வந்தத வேற யார் மேல போட முடியும்?"

கட்டுரையை அம்மாவே திரும்பப் பெற்றார். காரணத்தையும் ஒளிக்காமல் எழுதினார். நிறுவனம் போனது. பக்கத்து அறைகள் போயின. மாணவர்கள் ஒவ்வொருவராக வேறு இடம் தேடிக்கொண்டார்கள். எவரும் சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை, அதுதான் அம்மாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "சொந்த மூஞ்சியக் கண்டுபிடிச்ச விஞ்ஞானி" என்று கேன்டீனில் ஒரு பேச்சு உலவியது. வீட்டில் அதை முதலில் சொல்லிச் சிரித்தவர் அம்மா. அப்பா சிரிக்கவில்லை.

மீதி வருடங்கள் ஒரே அறையில், அக்காவோடு. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மாதிரி எடுக்கச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலையாயிற்று. பாடம் எளிது: பயந்த பிள்ளையைச் சிரிக்கவை, கதை சொல், பாட்டுப் பாடு, உன் முகத்தில் மட்டும் காட்டாதே. ஏன் என்று யாராவது கேட்டால் முழுக் கதையையும் சொல்வார். "கருவியக் கழட்டிப் பாக்கச் சொன்னது என் பையன்" என்று பெருமையாக முடிப்பார் என்று அக்கா ஒரு முறை சொன்னார். மகனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

கணையத்தில் வந்த நோய் அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசி போட வந்தால் அம்மா அவள் நெற்றியைப் பார்ப்பார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு முடியை ஒதுக்குவாள். கடைசி வாரங்களில் அம்மாவின் தோல் காய்ந்து, விரல் பட்டால் செதில் உதிர்ந்தது. மகன் பஞ்சில் தைலம் தொட்டு நெற்றியில் தடவுவான்.

"எண்ணெய் வத்திப் போச்சுடா" என்றார் ஒரு நாள். "அதுங்களுக்கு அதான் சாப்பாடு. பாவம், பதினேழு பட்டினி கெடக்குது."

அவன் சிரிக்க முயன்றான். "அம்மா, அன்னைக்கு நான் அத சொல்லாம இருந்திருந்தா..."

"வேற எவனாவது சொல்லியிருப்பான். நீ சொன்னதுதான் நல்லது. வாயில சோத்த வச்சுக்கிட்டு சொன்ன பாரு, அது மட்டும்தான் தப்பு."

அவன் தைலத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். தடவியது தோல் ஏற்காமல் அப்படியே நின்றது.

வெள்ளிக்கிழமை அவன் ஆய்வகத்துக்குப் போனான். அம்மாவின் அறைக்கு வர இருக்கும் புதிய தலைவர் இளம் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். குழாய்களை வைத்திருக்க முடியுமா என்று அவன் கேட்டான். பேச்சு ஒழுங்காக வரவில்லை.

"வீட்டுக்குக் குடுக்க முடியாது சார். கிருமியாச்சே" என்றார் அவர். பிறகு சிறிது நேரம் ஃப்ரீசர் இருக்கும் பக்கம் பார்த்தார். "ஆனா ஒரு மூலையில இருந்துட்டுப் போகட்டும். பெரிய இடம் ஒண்ணும் அடைக்காது. நான் பாத்துக்கறேன்."

அவன் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தான். நடைபாதையில் அக்கா பெட்டியோடு நின்றிருந்தார். பெட்டியின் மேல் அம்மாவின் ஸ்வெட்டர். விஷயத்தைச் சொன்னதும் அக்கா சந்தோஷப்படுவார் என்று நினைத்தான். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். சொல்லாம விட்டுடலாம்னுதான் இருந்தேன்."

"சொல்லுங்கக்கா."

"மேடம் ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் போன் பண்ணாங்க. நான் போனதும் பதினேழை நீராவியில போட்டுக் கொன்னுடுன்னாங்க. அதோட பழைய பேர் நல்ல பேரு. என்னைக்காவது எவனாவது பழைய பேப்பரப் படிச்சுட்டு, அந்தக் குழாயை எடுத்து, நல்ல கிருமின்னு கிரீம் பண்ணக் கெளம்பிடுவான். அப்போ நான் எழுந்து வந்து திரும்பப் பெற முடியாதுன்னாங்க." அக்கா மூக்கை உறிஞ்சினார். "ரெண்டு தடவ கையில எடுத்தேன். போட மனசு வரல. அதான் உங்களுக்குப் போன் பண்ணேன். நீங்க வந்து வேணும்னு சொல்லிட்டா என் மேல பாரம் இல்லன்னு."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். அனுமதி கையில் இருந்தது. அம்மா சொன்னதை அக்காவும் அவனும் தவிர யாரும் அறிய மாட்டார்கள். மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று புதிய தலைவரே சொல்லிவிட்டார்.

ஆனால் அம்மா ஒரு முறை அதைத் திரும்பப் பெற்றிருந்தார். எல்லோரும் சும்மா இரு என்று சொன்னபோது, எல்லாம் கையை விட்டுப் போகும் என்று தெரிந்தே பெற்றிருந்தார். கருவியைக் கழற்றச் சொல்வது சுலபம், சோறு மென்றுகொண்டே சொல்லலாம். கழற்றிப் பார்த்தவர் அவர். இப்போது குழாயை வைத்துக்கொண்டால் அவர் செய்த அந்த ஒரு காரியத்தில் கடைசிக் கொஞ்சத்தை அவன் செய்யவிடாமல் தடுத்ததாக ஆகும்.

"வாங்கக்கா" என்றான்.

குழாய்களை அக்கா ஒரு பையில் போட்டு, பையின் வாயில் வெளிறிய ஒட்டுப் பட்டை ஒன்றை ஒட்டினார். நீராவி ஏற்றும் எஃகுப் பெட்டிக்குள் அதை வைத்து மூடியைத் திருகினார். நீராவி ஏறியது. அவன் தொழில் பழக்கத்தில் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றான். முள் ஏறி, நின்று, இறங்கியது. பையை எடுத்தபோது பட்டையில் கறுப்புக் கோடுகள் வந்திருந்தன. உள்ளே எதுவும் உயிரோடு இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். குழாய்களுக்குள் கலங்கிய நீர் இருந்தது.

அக்கா பையைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"உங்க நெத்தியில இருக்கலாம் தம்பி" என்றார் அக்கா. "பிள்ளைக்கு மொதல்ல அம்மாகிட்டேர்ந்துதான் வரும். பாக்கட்டுமா?"

அவன் அந்த நீண்ட மேசையில் படுத்தான். தலையணை மெலிந்து போயிருந்தது. எஃகு வளையம் நெற்றியில் சில்லென்று பட்டது. பதினைந்து வயதில் அவன் வேண்டாம் என்றது இதைத்தான்.

"வலிக்குமாக்கா?"

அக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என் மூஞ்சியில காட்ட முடியாது தம்பி. மேடம் போட்ட சட்டம்."

விடை வந்த அன்று அக்கா போனில் வளைத்துப் பேசவில்லை. வேறு என்னென்னவோ இருக்கிறது, பதினேழு இல்லை என்றார். அந்த மாத்திரைகள் துடைத்திருக்கும் என்றார். "அப்புறம் வந்து குடியேறுனதுங்கதான் இப்ப இருக்கு."

"சரிக்கா" என்றான்.

அன்று மாலை அப்பாவின் கடைக்குப் போனான். அப்பா விளக்குக்குக் கீழே ஒரு ஃப்ரேமின் காதைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தார். மகன் நடந்ததையெல்லாம் சொன்னான். அப்பா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"உங்க நெத்தியில ஒரு தடவ பாத்துடலாம்ப்பா. ஃப்ரீசர்ல எல்லாம் வைக்க வேணாம். இருக்கா இல்லயான்னு மட்டும். இவ்வளவு வருஷம் பக்கத்துலயே இருந்திருக்கீங்க, இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு."

"வேணாம்டா."

"வலிக்காதுப்பா."

"அது எனக்குத் தெரியாதா?" அப்பா ஃப்ரேமைத் துணியில் வைத்தார். முதல் முறையாக மகனின் கண்ணைப் பார்த்தார். "இருக்குன்னு வந்தா உனக்குச் சந்தோஷம். இல்லன்னு வந்துட்டா எனக்கு என்னடா மிச்சம்?"

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அளந்து பார்க்காமல் ஒன்றை விட்டுவைப்பது அவன் தொழிலில் கிடையாது. அன்று விட்டுவைத்தான்.

இருவரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். அப்பா முகம் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். மேசை விளக்கில் அவர் நெற்றி எண்ணெய் வழிந்து மின்னியது. மல்லிகை வாடை இல்லை.

மகன் கை கழுவப் போனான். குழாய்க்குப் பக்கத்தில் கிண்ணத்தில் அப்பாவின் சோப்பு இருந்தது. பல நாளாகத் தண்ணீர் படாமல் காய்ந்து, நடுவில் கீறல் விட்டிருந்தது. அதைத் தொடாமல் வெறும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தான்.